வாசித்துக் காட்டச் சொன்ன மதினிக்கு

மதினி,

சபைக் கூட்டத்தில் உங்கள் நாற்காலிக்கு முன்னால் இன்றைக்கும் மைப்பெட்டியைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். நீங்கள் பெருவிரல் அழுத்திய அதே ஊதா மை. நான் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஆமாம், உங்கள் கொழுந்தன் நான் எழுதப் படிக்கக் கற்றுவிட்டேன். கோயில் மண்டபத்தில் ஒரு வருடம் மாலை வகுப்பு. இந்தக் கடிதத்தையும் நானேதான் எழுதுகிறேன். வரிக்கு ஒரு தரம் கை வலிக்கிறது. சந்தோஷம் வலியைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஆனால் எழுத உட்கார்ந்தது எரிச்சலில்.

அரசாங்கத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர்களின் ஓய்வூதியத்தை அந்தச் சபைதான் ஆள்கிறது. ஆறு உத்தியோகத்தர்கள், தொழிலாளர் பக்கம் ஒரே ஆள். அந்த ஒரு நாற்காலியில் நீங்கள் இருந்த காலத்தில் நான் துணைக்கு வந்து கதவோரம் உட்கார்ந்திருப்பேன். எந்தத் தாளை நீட்டினாலும், "எனக்குப் படிப்பு இல்லீங்க. தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கை வைக்கிறேன்" என்பீர்கள். தலைவர் பெருமூச்சு விட்டபடி வரிவரியாக வாசிப்பார்.

வெளியே வந்ததும் நான் சலித்துக்கொள்வேன். "என்னா மதினி, மானமே போகுது."

"போனா போகட்டும் கொழுந்தனாரே. அவங்க வாயால சொன்னாத்தான் அவங்களுக்கே கேக்கும்."

படிப்பில்லாததை மறைக்கும் பேச்சு என்றே நினைத்தேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். முதல் கூட்டத்தில் தலைவர், "ஐயாவுக்கு வாசிக்கத் தெரியும்தானே, இனி நேரம் மிச்சம்" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நீட்டிய தீர்மானம் பதின்மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பாதியைத் தாண்டுவதற்குள் எல்லோரும் கையொப்பம் வைத்துவிட்டார்கள். பின்தங்கியதைக் காட்ட வெட்கம். என் முழுப் பெயரையும் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

தோட்டத்து லய வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: உயிரோடு இருப்பதைக் காட்ட இனி ஒவ்வொருவரும் வருடம் ஒருமுறை பதுளைக் காரியாலயத்துக்கு நேரில் வர வேண்டும், வராவிட்டால் ஓய்வூதியம் நிற்கும், கிராம சேவகரின் கடிதம் செல்லாது. பக்கத்து லயத்தில் செல்லம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். அவளை யார் தூக்கிக்கொண்டு மலை இறங்குவது? அதில் என் கையொப்பமும் இருக்கிறது, மதினி.

அந்தக் கூட்டத்து அறிக்கையை அடுத்த கூட்டம் உறுதிப்படுத்தாமல் தீர்மானம் நடைமுறைக்கு வராது என்று குமாஸ்தா சொன்னார். இன்று அதற்கான கூட்டம். "நான் வாசிக்கிறேன்" என்று எழுந்தேன். அதே பதின்மூன்று பக்கத்தையும் எழுத்துக் கூட்டி, சத்தமாக.

"ஐயா, மனசுக்குள்ள வாசிங்களேன்" என்றார் தலைவர்.

"மனசுக்குள்ள வாசிச்சா வரமாட்டேங்குதுங்க."

ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் தொலைபேசியோடு வெளியே போய்த் திரும்பியும் வந்துவிட்டார். நான் மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்பதாம் பக்கம் வந்தபோது யாழ்ப்பாணத்துக் கணக்காளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"படுக்கையில கிடக்கிற ஆக்களும் வரவேணுமோ? இப்பிடி இருக்கெண்டு நான் கவனிக்கேல்லை."

அவ்வளவு படித்தவரும் வாசிக்காமல்தான் கையொப்பம் வைத்திருக்கிறார்!

தீர்மானத்தை நீக்கவில்லை. அடுத்த மாதம் பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள். ஒரு வரியை அடிக்க ஒரு மாதமா என்று இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

வந்ததும் செல்லம்மாவிடம் போய், "இப்போதைக்கு நிப்பாட்டியாச்சு" என்றேன்.

"யாரு நிப்பாட்டுனது?" என்று கேட்டாள்.

உங்கள் பெயரைச் சொன்னேன்.