மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிளாஸ்க்

8-2-1966, செவ்வாய்
திருவெள்ளறை

ரூத்தின் புருஷன் டேனுடைய சித்தப்பாவும் சித்தியும் அமெரிக்காவிலிருந்து வருகிறார்களாம். அவளே வந்து சொன்னாள். இவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாக இங்கே தொண்டு செய்ய வந்து ஒன்றரை வருஷமாகிறது. சொந்தம் என்று ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை. வரட்டும், நல்லதுதான். "நீங்க கூட வந்து எல்லாத்தையும் காட்டணும், சந்திரம்மா" என்றாள். கிராம சேவிகா வேலையில் ஊர் சுற்றிக் காட்டுவதும் உண்டா என்று கேட்க நினைத்தேன்.

10-2, வியாழன்

பக்கத்து ஊரில் கோழிகளுக்குக் கழிச்சல். கூடை கூடையாக அள்ளிப் புதைக்கிறார்களாம். காளியாயி ஓடி வந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போடுவது அந்த வெள்ளைக் கோழிகள்தான். வளர்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் ரூத்தும் நானும்.

"நோவு வந்தப்புறம் ஊசி போட்டுப் பிரயோசனமில்லன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. எப்பப் போடுவீங்க?"

நாளைக்கு என்றேன். மருந்து திருச்சி மாட்டாஸ்பத்திரியில் தயாராக இருக்கிறது. ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வராவிட்டால் கெட்டுப்போகும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்க்.

11-2, வெள்ளி

பிளாஸ்க் இல்லை. ஜீப்பும் இல்லை. விருந்தாளிகளுக்காக வெந்நீரை ஆற்றி பிளாஸ்கில் ஊற்றி, ஜீப்பில் வைத்து, முக்கொம்புக்குக் கிளப்பிவிட்டார் ஆபீசர்.

"வந்தவங்க வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? கோழி ரெண்டு நாள் பொறுக்காதா?"

பொறுக்குமா என்று கோழியைத்தான் கேட்க வேண்டும். என்னையும் கூடப் போகச் சொன்னார். போனேன். அந்தச் சித்தி புல்தரையில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கென்ன தெரியும், பாவம். தெரிந்தவள் ரூத். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாளைக்கு ஸ்ரீரங்கம். அதோட சரி. திங்கக்கிழமை ஊசி போட்டுடலாம்" என்றாள்.

இவளா இப்படிப் பேசுகிறாள்? போன மாசம் ஒரு குஞ்சு செத்ததற்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தவள். சொந்தக்காரர்களைக் கண்டதும் ஊர் மறந்துவிடுமா?

12-2, சனி

செய்துவிட்டேன்.

காலையில் ஜீப் கிளம்பும்போது காளியாயி பக்கத்தில் வந்து நின்றாள். பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்ரீரங்கத்தில் இவர்கள் மொட்டைக் கோபுரத்தைப் படம் எடுத்தார்கள், பூக்காரியைப் படம் எடுத்தார்கள். பிறகு இன்னும் நல்ல படம் வேண்டுமென்று கோயில் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். நான் ஏறவில்லை. ஜீப்பிலிருந்து பிளாஸ்கை எடுத்தேன், தண்ணீரைத் தெருவில் கொட்டினேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் டிரைவர் பிச்சமுத்து.

"அவங்களுக்கு இளநி வெட்டிக் குடுங்க. ஒண்ணும் ஆயிடாது."

பஸ் பிடித்துத் திருச்சி. சோடாக் கடையில் ஐஸ். மாட்டாஸ்பத்திரி. மறுபடியும் பஸ், கூட்டம், மடியில் பிளாஸ்க். விளக்கு வைக்கிற நேரத்தில் காளியாயி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, ஊசி போட்டு முடித்தேன்.

14-2, திங்கள்

ஆபீசர் கத்தினார். விருந்தாளிகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தது மரியாதைக் குறைவாம். காளியாயிக்கு மரியாதை கிடையாதா என்று கேட்டேன். வாயை அடக்கச் சொன்னார். விருந்தாளிகள் ஒன்றும் சொல்லவில்லையாம். இளநீர் பிடித்துப்போய் இரண்டாவதும் கேட்டார்களாம்.

ரூத் என்னைப் பார்த்தும் பேசாமல் போனாள். போகட்டும்.

2-3, புதன்

பக்கத்து ஊரில் விடியற்காலையில் சேவல் சத்தமே இல்லையாம். காளியாயி வீட்டில் எல்லாம் மேய்கின்றன. ரூத் பிளாஸ்கைக் கொண்டுவந்து என் வீட்டு ஆணியில் மாட்டினாள். "இது இனிமே இங்கயே இருக்கட்டும்." அவ்வளவுதான் பேச்சு.

6-12-1966, செவ்வாய்

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரூத்தின் அம்மா வந்து நாலு நாளாகிறது. வயசானவள், கடல் தாண்டி மகளைப் பார்க்க வந்திருக்கிறாள். அவளுக்கு மகள் என்ன காட்டினாள்? கோழிக் கொட்டகை. இன்று புதுக் குஞ்சுகளுக்கு ஊசி. தாயை மண்ணில் உட்கார வைத்துக் குஞ்சு பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். கவுனெல்லாம் எச்சம்.

காளியாயிக்கே பொறுக்கவில்லை. "பெத்தவளுக்கு ஒரு மலைக்கோட்டையக் காட்டக் கூடாதா இந்தப் பொண்ணு?"

ரூத்தைக் கேட்டேன். "ஊர் சுத்தினா நீங்க கோவிச்சுப்பீங்கன்னு..." என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் என்ன பூதமா? நன்றாகக் கேட்டுவிட்டேன். "பெத்தவள இப்படியா வேலை வாங்குவாங்க? நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஜீப் வேணாம், பஸ்லயே போவோம்."

7-12, புதன்

இன்று ஊசி இல்லை. பிளாஸ்கை நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டேன். மலைக்கோட்டைப் படிகளில் அந்தம்மாள் என் தோளைப் பிடித்தபடி ஏறினாள். உச்சியில் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். மூச்சு வாங்கியபடி குடித்தாள். அடுத்து ரூத்திடம் நீட்டினேன்.

"முதல்ல நீங்க குடிங்க, சந்திரம்மா" என்றாள்.

குடித்தேன்.