மூன்று லட்சத்துக்கு மேல்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
2 ஆகஸ்ட் 2025

சௌபாக்கியவதி நிருபமாவுக்கு அம்மா ராஜலக்ஷ்மி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை. உன் அண்ணன் ரகுராம் உனக்கும் மற்றவர்களுக்கும் அப்படித்தான் சொல்லி வருகிறான். என் இடது மணிக்கட்டை முறித்தது அவன். அவன் புருவத்தில் நான்கு தையல் இருக்கிறதே, அதுவும் அலமாரிக் கதவு பட்டதல்ல. நான் அடித்தது. இரண்டு பொய்களையும் சேர்த்தே திருத்திவிடுகிறேன்.

சண்டை டாப்-அப் பாலிசியால் வந்தது. எனக்கு இப்போது இருப்பது மூன்று லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு. ஏஜெண்ட் சேஷகிரி சொன்ன டாப்-அப், பில் மூன்று லட்சத்தைத் தாண்டினால்தான் பணம் தரும். சாதாரணக் காய்ச்சலுக்கு அது வீண். ஆனால் உன் அப்பா பதினோரு நாள் ஐசியுவில் கிடந்து போனபோது பில் ஒன்பது லட்சம். காப்பீட்டின் மூன்று லட்சம் போக மீதிக்கு அடுகோடியில் இருந்த காலி சைட்டை விற்றோம். எழுபத்தாறு வயதில் எனக்கு அப்படி ஒன்று வராது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். யோசித்துத்தான் என் பென்ஷனிலிருந்து செக் எழுதினேன்.

அந்த சைட் தனக்கு வரவேண்டியது என்று ரகு இன்னும் நினைக்கிறான். காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மேஜையில் செக்கைப் பார்த்து, "போற வண்டிக்குப் புது டயர் எதுக்கும்மா?" என்று சிரித்தான். இந்த வண்டியில்தான் ஐம்பது வருஷமாக ஓசியில் போகிறாய் என்றேன். செக்கைக் கிழித்து என் முகத்தில் எறிந்தான். அறைந்தேன். என் கையைப் பின்னால் முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அவனுக்கும் கேட்டிருக்கும். அப்புறமும் விடவில்லை. ஃபிரிட்ஜில் என் தலையை இரண்டு முறை மோதினான். வலது கைக்கு எட்டிய தோசைக்கல்லைப் பிடியோடு தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். தோல் பொசுங்கிய நாற்றம் வந்தது. மாவுப் பாத்திரத்தில் ரத்தம் சொட்டியது. மறுபடியும் ஓங்கினேன். வேலைக்கு வரும் லட்சுமம்மா நடுவில் புகுந்து, "விடுண்ணா, அம்மா செத்துப்போவாங்க" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் எங்களில் ஒருவர் போயிருப்பார்.

வழுக்கி விழுந்ததாகக் கிளெய்ம் படிவத்தை அவனே நிரப்பிக் கொண்டுவந்தான். அந்த வரியை அடித்துவிட்டு, மகன் கையை முறித்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது கம்பெனி போலீஸ் புகாரின் நகல் கேட்கிறது. புகார் கொடுத்தால் தோசைக்கல்லையும் சொல்லியாக வேண்டும். சொல்வேன். ஆனால் இன்னும் கொடுக்கவில்லை.

என் கான்வென்ட் தோழி ஜூலியாவின் வீட்டில் பன்னிரண்டு நாளாக இருக்கிறேன். இருப்பது ஒரே அறை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு அவள் தரையில் படுக்கிறாள். ஞாயிறன்று ரகு வாசலில் நின்று, "ஆத்துக்கு வா, எல்லாரும் சிரிக்கறா" என்றான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை.

டாப்-அப்புக்கு இம்மாதம் இருபத்தெட்டு கடைசித் தேதி. இந்தியாவில் செய்யும் சிகிச்சைக்கு மட்டும்தான் அது செல்லும் என்கிறார் சேஷகிரி. நான் இங்கேயே இருப்பதென்றால் வாங்கத்தான் வேண்டும். உன்னோடு வந்துவிடுவதென்றால் அது வீண். ஆகவே, உங்கள் மெல்போர்னில் கையில் கட்டுப் போட்ட எழுபத்தாறு வயதுக்காரிக்குக் காப்பீடு தருவார்களா என்று விசாரி. மாப்பிள்ளை ப்ரஹ்லாதையும் ஒரு வார்த்தை கேள். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, நான் செக் எழுதிவிடுவேன்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். போன் செய்யாதே, நீ அழுவாய், நான் கோபப்படுவேன். பதிலைக் கடிதமாக எழுதி, ஜூலியாவின் விலாசத்துக்கு இருபத்தெட்டாம் தேதிக்குள் கூரியரில் அனுப்பு.

அம்மா