சொல்லிக்கொண்டு போகிற வீடு

என் அன்பான மாமாவுக்கு,

நீங்கள் போன இடத்தில் மருமகள் கைக் காப்பி கிடைக்காது. இங்கே எனக்கே போட்டுக் குடிக்க நேரமில்லை. உங்கள் மகனைக் குளிக்கவைத்துச் சோறு ஊட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

மருமகள் மாமனாருக்குக் கடிதம் எழுதினால் மண்டபத்தூரே சிரிக்கும். சிரிக்கட்டும். படகிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட உங்கள் மகன், ஆஸ்பத்திரியிலிருந்து வேறு ஆளாகத் திரும்பி வந்தார். ஊரெல்லாம் அவரைப் பார்த்தது. என் அலுப்பைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

பார்க்கவா வந்தார்கள்? துக்கம் கேட்க வந்தார்கள். அவர் கட்டிலில் கண் விழித்துப் படுத்திருக்கும்போதே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எப்படி இருந்த ஆம்பள" என்று அழுதார்கள். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார்கள். எதிர்வீட்டு ராணி அக்கா அப்படி வாசலைத் தாண்டும்போதுதான் நீங்கள் மறித்தீர்கள்.

"இங்க யாரு செத்துட்டான்னு சொல்லாம போற? எம்மவன் உசுரோட இருக்கான். அவன்கிட்ட போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ."

அக்கா திரும்பி வந்து சொன்னது. அவர் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் நீங்கள் யாரையும் விடவில்லை. "எல்லாரையும் மறிக்கிற பூவம் செக்போஸ்ட்ட நம்ம வாசலுக்கே கொண்டாந்துட்டீங்களா மாமா" என்று கேட்டேன். சிரித்தீர்கள். பேச்சு வந்ததும் அவரே கேட்க ஆரம்பித்தார், "சொல்லிட்டுப் போ" என்று. காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். இது மறக்காது.

சாயங்காலமானால் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவீர்கள். "கொஞ்ச நேரம் எங்கயாவது போய் இரு தாயி. அழு, தூங்கு, சும்மா இரு. நான் பாத்துக்கறேன்." கடற்கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். அதை நம்பித்தான் மறுநாள் எழுந்தேன்.

அப்புறம் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இந்தத் தடவை நிஜமான துக்க வீடு. வந்தவர்கள் முறைப்படி சொல்லாமல் போனார்கள். அவர் ஒவ்வொருவரையும் பார்த்து, "சொல்லிட்டுப் போ" என்று கத்தினார். அப்பன் செத்தது கூடத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். தெரியாமலா இருக்கும்?

எனக்குச் சாயங்காலம் என்பதே இல்லாமல் போனது. தட்டை வீசுவார், அள்ளுவேன். திட்டுவார், கேட்டுக்கொள்வேன். டாக்டர் அவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நீ எப்படிம்மா இருக்கேன்னு கேட்க ஆளில்லை. போன மாதம் கடைத்தெரு ஒரு ரூபாய் போனில் அண்ணனைக் கூப்பிட்டு, "வந்து கூட்டிட்டுப் போ" என்றேன். திரும்பி வருகிற எண்ணமில்லாமல்தான் பையைக் கட்டினேன். ராணி அக்கா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்கு வந்தேன்.

"சொல்லிட்டுப் போ."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் பையோடு தெருவில் நிற்கிறது. சொன்னால் வரவேண்டும். வராதவள் எப்படி மாமா அதைச் சொல்வது?

"போய்ட்டு வரேங்க" என்றேன்.

பூவத்தில் அம்மா வீட்டில் தூங்கினேன். சோற்றுக்குக்கூட அம்மா எழுப்பவில்லை. எழுந்து ஆசை தீர அழுதேன். அழுது முடித்து, சொன்னபடி திரும்பிவர பஸ் ஏறிவிட்டேன்.

ராணி அக்கா இப்போது தினமும் சாயங்காலம் வருகிறது. "நீ போய் இரு, நான் உக்காந்திருக்கேன்" என்கிறது. அலுப்பு போய்விடவில்லை. அவர் பழையபடி ஆவார் என்று யாரும் சொல்லவுமில்லை. இன்னொரு நாளும் ஓடிவிடத் தோன்றும்.

நேற்று ராணி அக்கா சொல்லிக்கொண்டு கிளம்பிய பிறகு, உங்கள் நாற்காலியைப் பார்த்து அவர் சொன்னார்: "அப்பாதான் சொல்லாம போயிட்டாரு."

நான் சொல்லாமல் போகமாட்டேன், மாமா.

உங்கள் வீட்டு மருமகள்,
செல்வி