சேற்றில் இருப்பது

1986 ஆக. 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாசிர் பெனம்பாங் படகுத்துறைக்குக் கீழே மாதிரி எடுத்தேன். பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையின் சாக்கடை ஆற்றில் விழும் இடம். தண்ணீர், சேறு, கெராங் சிப்பி. சேறு கன்னங்கரேல். புட்டிகளை மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, கோலாலம்பூர் பஸ்ஸில் எங்கள் இலாகா ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கையுறை கிழிந்துவிட்டது, புதிது கேட்க வேண்டும்.

அறை, காதர் நானா சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்.

ஆக. 14, வியாழன்

ஒப்பிட்டுப் பார்க்க, ஆற்றின் மேல்பக்கத்துத் தண்ணீர் எடுக்கக் கெர்லிங் போனேன். அங்கே அடிமணல் தெரிகிறது. திரும்பும்போது பஸ் பத்தாங் காலியில் நின்றது. அம்மா இருந்தவரை அங்கே இறங்கிவிடுவேன். இன்று இறங்கவில்லை.

மாலையில் நானாவின் மனைவி கதீஜா அக்கா தட்டோடு மாடியேறி வந்தார். ஏழு மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து முதல் பிள்ளை.

"கெராங் சம்பல். எனக்கு இப்ப இது இல்லாம சோறு எறங்காது லா."

"படி ஏறாதீங்க அக்கா."

"நீ கீழ வரமாட்டேங்குற. பின்ன யாரு ஏறுறது?"

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் சாப்பிட்டேன். ருசி.

ஆக. 26, செவ்வாய்

கடும் வெயில். தபால் நிலையத்திலிருந்து மேலதிகாரிக்குப் போன் செய்தேன். முடிவு வந்துவிட்டதாம். தண்ணீரில் ஈயம் குறைவு. சேற்றில் அதிகம். சிப்பிச் சதையில் வரம்புக்கு மேலே. தண்ணீர் ஓடிவிடுகிறது, சேறு ஓடுவதில்லை. சிப்பிக்கு அந்தச் சேறுதான் வீடு. முதலில் அடிபடுவது வயிற்றுப் பிள்ளைகள்.

"இங்க உள்ளவங்களுக்குச் சொல்லலாமா, சார்?"

"இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணணும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. மார்க்கெட்டே படுத்துரும்."

"எவ்ளோ நாளாகும்?"

"பாப்போம்."

சோப்பு வாங்க மறந்தேன்.

ஆக. 27, புதன்

மழை. பின்கட்டில் கதீஜா அக்கா கெராங் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"இது வேணாம் அக்கா. இதுல ஈயம் இருக்கு. பிள்ள மூளைக்கு ஆகாது."

சட்டியிலிருந்து கையை எடுத்தார். "எவ்ளோ சாப்ட்டுட்டேன்..."

"இப்ப நிறுத்துனா நல்லது" என்றேன். அது போதுமா என்பது எனக்கே தெரியாது.

சாயங்காலம் நானா வந்தார். கோபம், ஆனால் குரல் உயரவில்லை. "ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்களா, மிஸ்? இல்லல்ல? பேச்சு வெளிய போனா என் கடைக்கி யாரு வருவா? அவ அழுதுகிட்டே கெடக்கா. வேற எடம் பாத்துக்குங்க."

ஆக. 29, வெள்ளி

அரசாங்க விடுதி. பெரிய அறை, இரண்டு கட்டில். சொல்லிவிட்டதைச் சாரிடம் நானே தெரிவித்தேன். ஆற்று வேலையை நிறுத்திவிட்டு, கோலாலம்பூர் ஆபீசுக்கு வந்து விளக்கம் எழுதித் தரச் சொன்னார். அதன் பிறகு காவல்காரரைத் தவிர யாரிடமும் பேச்சில்லை. அவர் கேட்டதும் சாவி மட்டும்.

ஆக. 31, ஞாயிறு

சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி, எங்கோ பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு. மதிய பஸ்ஸுக்குப் பெட்டி கட்டியாயிற்று. கதவைத் தட்டியது கதீஜா அக்கா. மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நானாக்கு இன்னும் கோவந்தான். நானும் தூங்காம உன்னத் திட்டிக்கிட்டே கெடந்தேன்."

"மன்னிச்சுக்குங்க அக்கா."

"அத விடு. மீன் கொட்டகையில ரெண்டு பொண்ணுங்க மாசமா இருக்காங்க. நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீ வந்து சொல்லு."

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவர் வாசலில் குடையை விரித்துக்கொண்டு கூப்பிடுகிறார். போகிறேன்.