லால்குடி சம்பந்தி வீட்டு மோரிஸ்

786

பாலக்கரை, திருச்சி
9-10-1961

அன்புத் தம்பி கலீலுக்கு, அண்ணன் ஷேக் தாவூது ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் அம்மாவும் வஹீதாவும் நானும் இங்கே நலம், அங்கே நீயும் உன் மோரிஸும் நலமா என்று எழுது, உன்னை மட்டும் விசாரித்தால் பதில் வராது என்பது எனக்குத் தெரியும். சுற்றி வளைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. போன மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. தங்கச்சி நிக்காஹ்வுக்கு நீ வர வேண்டாம் என்று எழுதியிருந்தேனே, அதைத்தான். நேற்று ஞாயிற்றுக்கிழமை லால்குடிக்காரர்கள் வந்து பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டார்கள், நவம்பர் 26 நிக்காஹ், நீ வருகிறாய்.

அந்தக் கடிதம் எழுதியதற்குக் காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அத்தா மௌத்தானபோது எனக்குப் பத்தொன்பது வயது, அன்றிலிருந்து உங்கள் இருவருக்கும் அத்தா இடத்தில் நான்தான் நிற்கிறேன், வஹீதாவை ஒரு நல்ல இடத்தில் கொடுக்கிறவரை எனக்குத் தூக்கம் ஏது. மாப்பிள்ளை நஜிமுதீனின் அத்தா பஷீர் அகமது லால்குடியில் ரைஸ் மில் வைத்திருக்கிறார், மரியாதையான குடும்பம். உங்க தம்பி என்ன பண்றாருன்னு அவர் கேட்டபோது பம்பாயில் மோட்டார் கம்பெனியில் சூபர்வைசர் என்று சொல்லிவிட்டேன். மேடையேறி காரைப் போல உறுமி, ஹாரன் அடித்து, ஜனங்களைச் சிரிக்க வைக்கிறான், மிச்ச நேரத்தில் மூன்று பேர் கூட்டாக வாங்கிய பழைய மோரிஸுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறான் என்று சொன்னால் எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்? நீ வந்து நாலு பேர் எதிரில் வாயைத் திறந்தால் என் பொய் உடைந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. என்னோடு வேலை செய்யும் செபஸ்தியான் பம்பாய் மாதுங்காவில் உன் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் முழுக்கச் சொன்னான், அதில் என்னைப் போலவே எல்.எம்.இ. டிப்ளமா படித்த ஒரு அண்ணன் வருகிறாராமே, வண்டி நின்றுபோனால் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் நீ படிச்சியா நான் படிச்சனா என்று எரிந்து விழுவாராமே. இரண்டு வாரமாகப் பொன்மலையில் எனக்கு அதுதான் பெயர். கோபம் வராதா?

நேற்று நடந்ததைக் கேள். பஷீர் அகமது தாமே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார், மனைவி ஜீனத்தும் அவருடைய தங்கையும் பின்சீட்டில். வண்டி பச்சை மோரிஸ் மைனர், ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவரிடம் வாங்கியதாம். அம்மா நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கியிருந்தார்கள், பெண்கள் உள்ளே வஹீதாவைப் பார்த்துப் பேசினார்கள், எல்லாம் நல்லபடியாகவே போயிற்று, ஆனால் எழுந்திருக்கும்போது யோசிச்சு சொல்லி அனுப்புறோம் என்று மட்டும்தான் சொன்னார்கள். போன இரண்டு இடத்திலும் இதைச் சொல்லித்தான் போனார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள், அது இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப் போயிற்று. நான் சும்மா இருப்பேனா, இறங்கப் போன பஷீர் அகமதுவை உட்காரச் சொல்லிவிட்டு, சட்டைக்கையை மடித்துப் பானெட்டைத் தூக்கினேன். பிளக்கைக் கழற்றினேன், பொறி வருகிறது. பாட்டரி சரி. டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. நான் நீராவி எஞ்சின் பார்க்கிறவன், இருந்தாலும் எஞ்சின் எஞ்சின்தானே என்று அரை மணி நேரம் குடைந்தேன். தெருவே கூடிவிட்டது, சம்பந்தியாக வேண்டிய அம்மாள் வெயிலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து வஹீதா குரல் கொடுக்கிறாள், அண்ணே, சின்னண்ணன் வண்டியில சாவியத் திருப்பினா மொதல்ல டிக்டிக்டிக்னு வருமே, இதுல வரலையே என்று. போன பெருநாளுக்கு நீ வந்தபோது உன் மோரிஸை வாயாலேயே செய்து காட்டினாயே, அதைக் கேட்டுப் பழகியவள். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் இருக்கும்போது பெண் இப்படிச் சத்தம் போடுவாளா? எனக்கு வந்த ஆத்திரத்தில், உள்ள போ, நீ படிச்சியா நான் படிச்சனா என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

அவளும் விடவில்லை. அந்த டப்பாவத் தட்டுண்ணே, சின்னண்ணன் செருப்பாலதான் தட்டும் என்றாள். செருப்பை எடுக்க என் மானம் இடம் கொடுக்கவில்லை, ஸ்குரூ டிரைவர் பிடியால், அந்த டிக்டிக் சத்தம் போட வேண்டிய பெட்ரோல் பம்பின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். டிக்டிக்டிக் என்று வந்தது பார், அடுத்த நிமிஷம் வண்டி பிடித்துக்கொண்டது. வண்டி நல்ல வண்டி, மில் வாசலில் உமித் தூசியிலேயே நிறுத்தி வைத்ததுதான் கோளாறு. அப்பாடா, போய்விடுவார்கள் என்று நான் கையைத் துடைத்தால், ஓடுகிற எஞ்சினை பஷீர் அகமது அணைத்துவிட்டு இறங்கி வருகிறார். தம்பி, மோட்டார் கம்பெனி சூபர்வைசர் செருப்பால ஏன் தட்டணும்னு கேட்டார். அம்மாதான் வாசலுக்கு வந்து, அவன் சூபர்வைசரு இல்லீங்க, மேடையில காரு மாதிரி சத்தம் போட்டுச் சிரிக்க வைக்கிறான், இவன்தான் உங்ககிட்ட மறைச்சுட்டான், எம்புள்ளைய மறைச்சு எம்பொண்ணக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல என்று போட்டு உடைத்துவிட்டார்கள். அதோடு நில்லாமல் பீரோவிலிருந்து உன் கடிதத்தையும் கொண்டுவந்து நீட்டினார்கள். மரைன் டிரைவில் ஞாயிற்றுக்கிழமை கார்க்காரர்கள் வரிசையாக நிறுத்திப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவதையும், இம்பாலா என்ற அமெரிக்கக் கார் ஒன்று வந்து நின்றதையும் இரண்டு பக்கம் எழுதினாயே, அந்தக் கடிதம்.

முடிந்தது சம்பந்தம் என்று நான் நின்றேன். அவர் மட்கார்டில் சாய்ந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார், பாதியில், ஜீனத்து, இம்பாலாவுக்குப் பின்னால ஒரு பக்கத்துக்கு மூணு லைட்டாம்ல என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள், மில்லுல இருக்கறதவிட பானெட்டுக்குள்ள இருக்கறதுதான் ஜாஸ்தி இவரு, இன்னொரு காருப் பைத்தியம் கெடச்சிருச்சா என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் பஷீர் அகமது என்னிடம் திரும்பி, தம்பி, கோளாற மறைக்கிறவன் காரு விக்கிறவன், பொண்ணு குடுக்கறவனுக்கு எதுக்கு அந்தப் பொழப்பு என்றார். பெண்ணைப் பற்றி ஜீனத் அம்மாள்தான் சொன்னார், இந்த வண்டிச் சத்தம் தெரிஞ்ச மருமவ வந்தா எனக்கு நிம்மதி, இனிமே வழியில நின்னா அவளே இறங்கித் தட்டட்டும் என்று. அங்கேயே தேதி குறித்தார்கள். பஷீர் அகமது ஒரே ஒரு நிபந்தனை போட்டார், அந்தத் தம்பி வந்து என் மோரிஸைச் செஞ்சு காட்டணும், இருமுறதுலேர்ந்து கிளம்புறவரைக்கும், ஒண்ணு விடாம.

நேற்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன், பத்து வருஷத்தில் இப்படிச் சாப்பிட்டதில்லை. வஹீதாவிடம் கத்தியதற்கு இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை, அவள் என்னைப் பார்த்தாலே டிக்டிக் என்கிறாள். உனக்கு நான் எழுதிய அந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது, நீ ரயிலேறி வந்துவிட்டால் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, வண்டிக்கு அடியில் படுக்கும்போது சக்கரத்துக்குக் கல் வை. அம்மா உனக்கு துஆச் செய்கிறார்கள், என் துஆவும் உண்டு. மறக்காமல் அந்தப் பம்புக்கு பாயிண்ட் செட் ஒன்று வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை, அதுவரை தட்டித் தட்டி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். நிக்காஹ்வன்று மோரிஸோடு நிறுத்திவிடாதே, அந்த எல்.எம்.இ. அண்ணனையும் செய்து காட்டு. நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் நலம் நாடும் அண்ணன்,
ஷே. தாவூது