இடது கதவின் வயர்

நாள் 212, 06:10

நிலவின் வடக்குத் தடம், கார் கொட்டகை. எழுதுவது செலஸ்டினா, எலெக்ட்ரீஷியன். எனக்குப் பின் இந்த வேலைக்கு வருபவர் படிப்பதற்காக.

இங்கே நானும் ஓட்டுநர் நஜ்முதீனும் இரண்டே பேர். அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கான காரை தினமும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறோம். இரண்டு இருக்கை, தரையோடு ஒட்டிய உடம்பு, உள்ளே காற்று அடைத்தது. விண்வெளி உடை போட்டுக்கொண்டு உட்கார இடமில்லை. ஓட்டுநர் சாதாரண உடுப்பில்தான் போவார்.

புகார்: இடது கதவு லாக் தானாக டக் டக் என்று அடிக்கிறது. நேற்றைய ஓட்டத்தில் மூன்று தடவை. பேட்டரி 12.6 வோல்ட். ஃபியூஸ் சரி. ரிலே மாற்றினேன். எர்த் போல்ட்டைக் கழற்றித் தூசி துடைத்து மாட்டினேன்.

நாள் 212, 07:35

கதவை நாற்பது தடவை திறந்து மூடினேன். சத்தம் வரவில்லை.

பார்க்காமல் விட்டது ஒன்று. கீல் பக்கம், காரின் உடம்பிலிருந்து கதவுக்குள் வயர்கள் போகும் ரப்பர் உறை. அதைக் கழற்ற டேஷ்போர்டை இறக்க வேண்டும். நாலு மணி நேர வேலை. பதினோரு நாளாக ஓய்வு இல்லை. விரலால் அமுக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டேன். நஜ்மு 07:30க்குக் கிளம்பினான்.

நாள் 212, 08:14

கார் நின்றுவிட்டது. முப்பதாவது கிலோமீட்டர், பள்ளத்தின் விளிம்பு நிழலில்.

நஜ்மு ரேடியோவில்: "அக்கா, லாக் விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. கதவு திறந்திருக்குன்னு நெனச்சு மோட்டாரு கட் ஆயிருச்சு. காத்து எதுவும் போகலை."

"கதவுல கை வைக்காத. அசையாம உட்காரு."

இந்த லாக் மின்சாரத்தால்தான் பூட்டியிருக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் திறந்துவிடும். கார் மோதினால் ஓட்டுநரைச் சட்டென்று வெளியே எடுக்க பூமியில் செய்த ஏற்பாடு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். அரை நொடிக்குள் மின்சாரம் திரும்பினால் டக் என்று ஒரு சத்தத்தோடு போகும். அதற்கு மேல் போனால் கதவு திறக்கும். வெளியே காற்று கிடையாது.

தலைமை நிலையத்துக்குச் செய்தி: லாக் கோளாறு, கார் நின்றுவிட்டது, இழுத்து வரப் போகிறேன். அவர்கள் பதில்: "வேறு வண்டி வர ஒன்றரை நாள் ஆகும். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

08:40, விண்வெளி உடை போட்டுக்கொண்டு டிராக்டரில் கிளம்புகிறேன். கூரை இல்லாத சரக்கு டிராக்டர். மணிக்கு பன்னிரண்டு கிலோமீட்டர். அதன் ரேடியோ காருக்கும் கொட்டகைக்கும் எட்டும், தலைமை நிலையத்துக்கு எட்டாது. கொட்டகையில் இனி ஆள் இல்லை.

நாள் 212, 11:25 (குரல் பதிவு)

வந்து சேர்ந்தேன். கண்ணாடி வழியாக நஜ்மு கை காட்டினான். உதடு வெளுத்திருக்கிறது.

ரப்பர் உறையை பிளேடால் கீறினேன். உள்ளே வயர் முக்கால்வாசி அறுந்திருக்கிறது. மூன்று செம்பு இழைதான் மிச்சம். கொட்டகைச் சூட்டில் வயர் தளர்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். குளிரில் விறைத்து விலகும். அதனால்தான் காலையில் சத்தம் வரவில்லை. கீறிப் பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

டிராக்டர் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் கிளிப் மாட்டினேன். கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு ஒரு நக அளவுதான். கிளிப்பின் பல் பிடிக்கிறது. ஆட்டினால் வழுக்குகிறது.

கதவைச் சுற்றிச் சரக்குப் பட்டை கட்டினேன். உள்காற்று மூன்று டன் பலத்தோடு தள்ளும், பட்டை தாங்காது. அவன் தைரியத்துக்காக, கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் கட்டினேன்.

நாள் 212, 11:50 (குரல் பதிவு)

டிராக்டரை வந்த தடத்திலேயே தானாகத் திரும்பிப் போக விட்டிருக்கிறேன். மணிக்கு ஆறு கிலோமீட்டர். கயிற்றில் கட்டிய கார் பின்னால் வருகிறது. நான் கதவுக்கு வெளியே காரின் படிப்பலகையில் குந்தி, வலது கையால் கிளிப்பை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். உடையின் தடித்த கையுறையோடு விரல் அந்தக் கீல் இடுக்குக்குள் நுழையாது. வலது கையில் மெல்லிய வேலைக் கையுறை; காற்று கசியாது, குளிர் தாங்காது.

ஐந்து மணி நேரம்.

நாள் 212, 13:30 (குரல் பதிவு)

ஒரு கல்லில் சக்கரம் ஏறியது. கிளிப் நழுவியது. டக். திரும்பப் பிடித்துவிட்டேன்.

நஜ்மு: "அக்கா, இப்ப அடிச்சுச்சு."

"தெரியும்பா. புடிச்சிட்டேன்."

"கை வலிக்குதா?"

"இல்ல."

பிறகு அவன்: "காயல்பட்டினத்துல எங்க மாமாவுக்கு ஒரு பழைய அம்பாசடர் உண்டு. கதவு பூட்டவே பூட்டாது. வளைவுல திரும்பும்போது நான் உள்ளேருந்து கயித்த இழுத்துப் புடிச்சுக்கிடணும்."

"விழுந்திருக்கியா?"

"ஒரு தடவ. சாக்கடைக்குள்ள."

சிரித்தோம். சிரித்தால் கை ஆடுகிறது, சிரிக்க வைக்காதே என்றேன்.

நாள் 212, 15:05 (குரல் பதிவு)

சுண்டு விரலும் மோதிர விரலும் இருப்பதே தெரியவில்லை. கிளிப் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். தூக்கம் வருகிறது. இந்த நிலையில் தூக்கம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். வருகிறது.

அவனிடம் சொல்லிவிட்டேன். "காலையில ரப்பரக் கழட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. அலுப்பா இருந்துச்சு. பாத்த மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன்."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"இப்ப சொல்லாதீங்கக்கா. இப்ப நீங்க புடிச்சுக்கிட்டு இருக்கீங்க. உள்ள போன பெறவு சொல்லுங்க. அப்பத்தான் நான் கோபப்பட முடியும்."

நாள் 212, 16:58

கொட்டகை. வெளிக்கதவு மூடியது. காற்று நிறைய ஆறு நிமிடம். பச்சை விளக்கு வந்த பிறகும் கையை எடுக்க வரவில்லை. இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். லாக் திறந்தது. நஜ்மு தவழ்ந்து வெளியே வந்து தரையில் படுத்துக்கொண்டான். எழுந்ததும் என்னைப் பார்க்காமல் போய் வெந்நீர் கொண்டுவந்தான். என் கையை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். கோபமாகத்தான் இருந்தான்.

இரண்டு விரல் நுனி கறுத்திருக்கிறது. இது இடது கையால் எழுதுவது.

நாள் 212, 17:20

தலைமை நிலையத்துக்கு முழு அறிக்கை அனுப்பினேன். கடைசி வரியை எழுதும்போதுதான் தோன்றியது. கேட்டேன்: இதே வயரிங் போட்ட கார் வேறு எங்கே இருக்கிறது?

பதில்: "மொத்தம் மூன்று. ஒன்று இன்னும் பெட்டியில். ஒன்று உங்களிடம். ஒன்று தெற்குத் தடத்தில். ஓட்டுநர் ஷைலஜா 15:30க்குக் கிளம்பினார். 16:10க்குப் பிறகு பதில் இல்லை. ரேடியோக் கோளாறு என்று நினைத்தோம்."

15:30. அப்போது அந்தக் கிளிப் என் கையில் இருந்தது. அறுந்த வயரைக் கண்ணால் பார்த்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. ஐந்து மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தெற்குத் தடம் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. டிராக்டர் ரேடியோ எட்டாது என்பது உண்மைதான். ஞாபகமும் வரவில்லை என்பதும் உண்மை. காலையில் கிளம்பும்போது, லாக் கோளாறு, மற்ற கார்களை ஓட்டாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நாள் 212, 17:45

தெற்குத் தடத்து எலெக்ட்ரீஷியன் தவமணியோடு, அவர்கள் கொட்டகை ரேடியோ வழியாக லைன் கிடைத்தது. சிவகாசிக்காரர். நேரில் பார்த்ததில்லை. ஏற்கனவே டிராக்டரில் போய்க்கொண்டிருக்கிறார். கார் நின்ற இடம் சுற்றில் திரும்பும் வழியில், அவர்கள் கொட்டகையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான்.

வயர் எங்கே அறுந்திருக்கும், பிளேடால் எங்கே கீற வேண்டும், கிளிப்பை எந்த விரலால் பிடிக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"மேடம், நேத்து எங்க வண்டியிலயும் அந்தச் சத்தம் வந்துச்சு. காலையில கதவ ஆட்டிப் பாத்தேன். வரல."

"குளிர்லதான் வரும்."

"ஆமா. இப்பத்தான் புரியுது."

நஜ்மு பக்கத்தில் வந்து நின்றான். ஓடு, ஷைலஜாவைக் கூப்பிட்டுக்கொண்டே இரு என்றேன். இன்னொரு ரேடியோவில் கூப்பிடுகிறான். அவன் குரல் எனக்குக் கேட்கிறது. பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

நாள் 212, 18:22

தவமணி: "வண்டி தெரியுது மேடம். முன்விளக்கு எரியுது."

பேட்டரி இருக்கிறது என்றேன். நல்லதுதான் என்றேன்.

"இடது பக்கம் சுத்தி வர்றேன்."

டிராக்டர் நிற்கும் அதிர்வு கேட்டது. அவர் மூச்சு கேட்டது. நடந்தார். நின்றார்.

"கதவு தெறந்து கெடக்கு மேடம்."

நஜ்மு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஷைலஜாவும் சாதாரண உடுப்பில்தான் போயிருப்பார். லைனை வெட்ட இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அப்படியே இருக்கிறோம். 18:40. இன்னும் அவர் மூச்சு கேட்கிறது.