பூட்டியிருந்த ஒன்பது நாட்கள்

செப்டம்பர் 3

அன்புள்ள மாணவிக்கு,

ஆகஸ்ட் மாதத் தும்பிக் கணக்கெடுப்புத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட அசல்தான் வேண்டும் என்று உன் கல்லூரி பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு ஒரு லாபம், கூடவே கடிதமும் எழுத முடிகிறது. போனில் உனக்கு எப்போதும் வகுப்பு.

நீ சொன்னபடி காலை ஒன்பது மணிக்குக் குளக்கரைக் கல்லில் உட்கார்ந்து பத்து நிமிடம் தும்பிகளை எண்ணிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். இருபது வருடமாக வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படித்தவனுக்குப் பறக்கிற எண் புதுசு. குளக்கரைப் பம்ப் ஆபரேட்டர் கேட்டார்: "என்ன சார், தண்ணில எதையாவது போட்டுட்டீங்களா, தினமும் வந்து தேடுறீங்க?" பொண்டாட்டியின் முதுகலைப் பட்டத்தை என்றேன். இப்போது அவரும் எண்ணுகிறார். எப்போதும் என்னைவிட இரண்டு அதிகம்.

வெயில் ஏறினால் சிவப்புத் தும்பி ஒன்று வாலை நேராக வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எதற்கு? இன்னொன்று எத்தனை முறை விரட்டினாலும் அதே குச்சிக்குத் திரும்புகிறது. அதற்குப் பட்டா கொடுத்தது யார்?

கொஞ்சம் இளைத்திருக்கிறேன். என் சமையல் அப்படி.

உன் மீட்டர்காரன்

செப்டம்பர் 9

அன்புள்ள மீட்டர்காரருக்கு,

வால் தூக்குவது வெயிலுக்காக. அப்படி நின்றால் உடம்பில் படும் வெயில் குறையும். குச்சியில் இருப்பது ஆண் தும்பி. பெண் வரும் என்று காவல் இருக்கிறது. பட்டாவை அதுவே எழுதிக்கொண்டது.

இப்போது என் சந்தேகம். மற்ற நாட்களில் உங்கள் எண்ணிக்கை ஆறு, இருபத்திரண்டு, ஒன்பது என்று துள்ளுகிறது. பன்னிரண்டாம் தேதியிலிருந்து இருபது வரை மட்டும் பதினான்கு, பதினைந்து, பதினான்கு என்று சமர்த்தாக நிற்கிறது. நடுவில் இரண்டு நாள் அங்கே காலை முழுக்க மழை என்கிறது வானிலைப் பதிவு. மழையில் தும்பி பறக்காது. என் ஆய்வைப் பார்க்கும் கைடு அம்மா, "குடை பிடிச்சது உங்க வீட்டுக்காரரா, தும்பிங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிக்காமல், காரணம் தெரியாவிட்டால் என் ஆறு குளங்களில் இதை எடுத்துவிட வேண்டும் என்றார். காக்க வேண்டிய குளம் என்று நான் எழுத நினைப்பதே இதைத்தான்.

கோபமில்லை. என்ன நடந்தது என்று மட்டும் தெரிய வேண்டும். அந்த வாரம் போனில், பின்னால் யாரோ நடந்துகொண்டே இருந்தார்கள். ஆபீஸ் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமையுமா?

உங்கள் மாணவி

செப்டம்பர் 14

அன்புள்ள மாணவிக்கு,

மீட்டர் படிக்கப் போகும்போது வீடு பூட்டியிருந்தால் நாங்கள் சும்மா விடுவதில்லை. முந்தைய மாதங்களின் சராசரியைப் போட்டுவிட்டு வருவோம். காலி விட்டால் மேலதிகாரி திட்டுவார். கை அதிலேயே பழகிவிட்டது. உன் தாளிலும் அதையே செய்தேன். தப்பு என்று தோன்றவே இல்லை.

அந்த ஒன்பது நாளும் பூட்டியிருந்தது நான்தான். குடல்வால் வெடித்து ஆபரேஷன். பம்ப் ஆபரேட்டர்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். போனில் உன் காதில் விழுந்த நடை நர்ஸுடையது. இப்போது தையல் பிரித்தாகிவிட்டது.

கல்லூரிக்குப் பஸ் ஏறும்போது, "வீட்டுல ஏதாவதுன்னா படிப்பை விட்டுட்டு வந்துடுவேன்" என்று சொன்னாய். பதினைந்து வருடம் காத்திருந்து கிடைத்த படிப்பு. நீ சொன்னதைச் செய்கிறவள். அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை.

குளத்தை எடுத்துவிடாதே. தப்பு குளத்துடையது இல்லை.

உன் மீட்டர்காரன்

செப்டம்பர் 19

அன்புள்ள உங்களுக்கு,

கைடு அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வயிறு ஆறிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அந்த ஒன்பது நாளையும் சிவப்பு மையால் அடித்தார். பார்க்காத நாளைக் காலியாக விடுவதுதான் எங்கள் வேலையில் மரியாதையாம். அடித்ததற்குப் பதிலாக வேறு ஒன்பது நாள் எண்ணினால் குளம் பட்டியலில் இருக்கும்.

எனக்கு ஆறவில்லை. நான் வருவேனா, வந்துவிட்டுத் திரும்புவேனா, படிப்பை விடுவேனா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் பூட்டிய வீடு என்று நினைத்துச் சராசரி போட்டுவிட்டீர்கள்.

படிப்பை விடவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன், ஒன்பது நாளைக்கு. அந்தக் கல்லில் நான் உட்காருகிறேன். நீங்கள் பக்கத்தில் சும்மா இருங்கள். குச்சிக்காரனைக் காட்டினால் போதும்.

அதுவரை தாளில் எதுவும் எழுத வேண்டாம். காலியாகவே இருக்கட்டும்.

உங்கள் மனைவி